கூடும் வேளையில் பேசலாம்

(தருமபுரியில் தம்பதியர் நலம் பற்றி நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கணவனும் மனைவியும் உடலால் சேரும்போது வாய் திறந்து பேசிக்கொள்ள வேண்டும். பிடித்திருக்கிறது, வலிக்கிறது, மெதுவாக, போதும், இன்றைக்கு வேண்டாம். இவற்றைச் சொல்லவும் வேண்டும், எதிரே இருப்பவரைக் கேட்கவும் வேண்டும். இதைச் சொல்ல ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். இதைப் பேசாமல் விட்டதால் எத்தனை உடம்புகள் வலியோடு கிடக்கின்றன என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நம் ஊர் வீடுகளில் கறவை மாடு பருவத்துக்கு வந்துவிட்டால் என்ன நடக்கிறது? விடியற்காலையிலிருந்து கத்துகிறது, இன்றைக்கே சினை ஊசி போட்டாக வேண்டும் என்று புருஷனும் பெண்சாதியும் திண்ணையில் நின்று பேசுகிறார்கள். கால்நடை மருத்துவருக்குப் போன் போகிறது. ஊசி போட்ட பிறகு பிடித்ததா இல்லையா என்று மாமியார் கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கிறார். யாருக்கும் வெட்கமில்லை. வாயில்லாச் சீவனுக்காக இத்தனை பேர் பேசுகிற வீட்டில், வாயுள்ள இருவர் தங்கள் உடம்பைப் பற்றிப் பத்து வருஷம், இருபது வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தனம் நடத்துகிறார்கள். பிள்ளைகள் பிறந்துவிட்டன, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது.

இந்த மௌனத்தின் விலையை முதலில் பார்ப்போம்.

அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் நோய்ப் பிரிவுக்கு முன்னால் நிற்கும் வரிசையில், "வயித்து வலிங்க", "வெள்ளை படுதுங்க", "இடுப்பு கடுக்குதுங்க" என்ற வார்த்தைகளைக் கேட்கலாம். பல நேரங்களில் அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: "அவரோட இருக்கும்போது வலிக்குதுங்க." அதை மருத்துவரிடம் சொல்ல நாக்கு எழுவதில்லை. கணவனிடம் சொல்லியதே இல்லை.

இந்த வலிக்குக் காரணங்கள் உண்டு, பெரும்பாலானவற்றுக்கு மருந்தும் உண்டு. பெண்ணின் உடம்பு கூடலுக்குத் தயாராக நேரம் எடுக்கும். அந்த நேரம் கிடைக்காவிட்டால் உள்ளே ஈரம் ஊறாது, உராய்ந்து எரியும். கிருமித் தொற்று இருந்தால் வலிக்கும். பயத்தில் உறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகிக்கொள்வதும் உண்டு. அது அந்தப் பெண்ணின் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள், அவள் நினைத்தாலும் தளர்த்த முடியாத இறுக்கம் அது. பால் கொடுக்கிற தாய்க்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்திருப்பதால் வறட்சி இருக்கும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் அப்படியே. பிரசவம் ஆகிக் குறைந்தது ஆறு வாரமாவது பொறுத்திருக்கும்படி மருத்துவர்கள் சொல்வது காயம் ஆறுவதற்காகத்தான். இவை எல்லாம் அவள் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். அவன் கேட்டால்தான் அவளுக்குச் சொல்ல வாய் வரும்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு துன்பம் கூடுதலாக இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து, அதைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குப் பல் கறுத்தது மட்டுமல்ல, முதுகும் மூட்டும் விறைத்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்ததே இந்தக் கேட்டை நீக்கத்தான். குனியவும் நிமிரவும் முடியாதவர்கள் கூடலின்போது எந்தப் பக்கம் சாய்ந்தால் வலிக்காது என்று தங்கள் துணையிடம் சொல்ல வேண்டாமா? நாற்பது வயதில் ஒருவர் ஒதுங்கிக்கொள்கிறார், மற்றவர் தன்மேல் பிரியம் போய்விட்டது என்று மருகுகிறார். நடுவே இருந்தது ஒரு முதுகு வலிதான்.

ஆண்களின் மௌனத்துக்கும் விலை உண்டு. பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, விந்து நஷ்டம், லாட்ஜில் இன்ன தேதியில் வைத்தியர் வருகிறார் என்று இருக்கும். மனைவியிடம் "எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாதவர்கள் அந்த லாட்ஜ் அறைக் கதவைத் தட்டி, மாதச் சம்பளத்தைக் கொட்டிவிட்டு லேகியத்தோடு திரும்புகிறார்கள். விந்து வெளியேறினால் உடம்பு நைந்துபோகும் என்ற அச்சம் இந்தியாவில் எத்தனை ஆழமாக இருக்கிறது என்றால், மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் அதற்குத் 'தாது நோய்க்குறி' என்று தனிப்பெயரே வைக்க வேண்டியிருந்தது. விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. பயம் வந்தால் ரத்தக்குழாய் சுருங்கும், விறைப்பு தளரும், பயம் இன்னும் கூடும். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இதைச் செய்யும். சிலருக்கு இதுவே இதய நோயின் முதல் எச்சரிக்கை. மனைவியிடம் சொல்கிற ஆணுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் கிடைக்கிறது. சொல்லாதவருக்குச் சுவரொட்டிதான் துணை.

இந்த மாதிரி விஷயங்களைத் தமிழில் நாகரிகமாகப் பேச முடியாது என்று சொன்னவர்களுக்கு, மனநல மருத்துவர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாகப் பதில் சொல்லிவிட்டுப் போனார். கூடத்தில் உட்கார்ந்து லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். தொலைக்காட்சியில் ஒரு மருத்துவர் பேச முடிந்ததை, விளக்கை அணைத்த பிறகு இருவர் பேசிக்கொள்ள முடியாதா?

பேசக் கூடாது என்பதற்குப் பண்பாட்டைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நாம் நிற்பது தகடூர் மண். அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையும் பழகிய ஊர். தொல்காப்பியம் தன் வேட்கையைத் தலைவன் முன் தானே எடுத்துச் சொல்வது தலைவிக்கு இல்லை என்கிறது. உண்மை. ஆனால் அதே மரபில்தான், அதியமான் அவையில் இருந்த நம் ஔவை, குறுந்தொகையின் 28-ஆம் பாட்டில், தன் காதல் நோயை அறியாமல் தூங்கும் ஊரைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தவிக்கிற ஒரு பெண்ணைப் படைத்தார். சொல்ல இடமில்லாத ஆசை எப்படி நெஞ்சை முட்டும் என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது. இலக்கணம் ஒரு வரம்பைச் சொன்னது, பெண் புலவர் அந்த வரம்புக்குள் இருப்பவளின் தவிப்பைச் சொன்னார். நாம் இரண்டில் எதை எடுத்துக்கொள்ளப் போகிறோம்?

கண்கள் பேசிக்கொண்டால் போதும், வாய்ச்சொல் எதற்கு என்று திருவள்ளுவரையும் துணைக்கு இழுப்பார்கள். அந்தக் கருத்து வரும் குறிப்பறிதல் என்ற அதிகாரம் களவில், முதல் சந்திப்பில், இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரும்பி நிற்கும் வேளையில் வருவது. காமத்துப்பால் அங்கே முடியவில்லை. 250 குறள்களில் பெரும்பகுதி கற்பியல். அதில் பெண் பேசிக்கொண்டே இருக்கிறாள். கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலுக்கே உரியவை. ஊடல் என்பது என்ன? எனக்கு மனத்தாங்கல் இருக்கிறது, இப்போது கிட்டே வராதே என்று மனைவி காட்டுவதும், கணவன் அதை மதித்துக் காத்திருந்து தேற்றுவதும். முகம் திருப்பிக்கொள்கிற மனைவியைக் கைநீட்டி இழுக்கிற வீட்டில் ஊடலே நடக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிற இடத்தில்தான் ஊடல் இனிக்கும், அதன்பின் கூடல் இனிக்கும். வள்ளுவர் இன்பத்தின் உச்சியாகக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த உரிமையைத்தான் என்று நான் படிக்கிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2013-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியபோது, இசைவு என்றால் என்ன என்று தெளிவாக எழுதினார்கள். குறிப்பிட்ட ஒரு பாலுறவுச் செயலில் பங்குகொள்ளத் தனக்கு விருப்பம் என்பதைப் பெண் சொல்லாலோ சைகையாலோ வேறு வகையிலோ ஐயத்துக்கு இடமில்லாமல், தானாகத் தெரிவிப்பதே இசைவு. அவள் உடம்பால் எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்து அவள் இசைந்தாள் என்று கொள்ளக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 63-ஆம் பிரிவு இதையே சொல்கிறது. சும்மா இருந்தாள் என்பது சம்மதம் ஆகாது. எத்தனை தெளிவான சொற்கள்!

ஆனால் இதே பிரிவு, 18 வயது நிறைந்த மனைவியோடு கணவன் கொள்ளும் உறவுக்கு விலக்கு அளிக்கிறது. 2022 மே 11-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இந்த விலக்கு சரியா தவறா என்பதில் வேறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. என் கருத்தைக் கேட்டால், தாலி கட்டியதால் பெண்ணின் வாய்ச்சொல் செல்லாமல் போகக் கூடாது. சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே கணக்கில் எடுக்கிறது. மனைவியும் அதன்கீழ் முறையிடலாம்.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், விருப்பமில்லாதபோது கணவனிடம் வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று 82 சதவீதப் பெண்கள் சொன்னார்கள். மகிழ்ச்சிதான். இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். கணவனுக்குப் பால்வினை நோய் இருந்தால், அவனுக்கு வேறு பெண்ணோடு தொடர்பு இருந்தால், மனைவிக்கு அசதியாகவோ மனம் இல்லாமலோ இருந்தால் அவள் மறுப்பது நியாயமா? மூன்றுக்கும் ஆம் என்ற பெண்கள் 80 சதவீதம், ஆண்கள் 66 சதவீதம். மூன்றில் ஓர் ஆண் இதில் ஏதோ ஒன்றுக்காவது தலையசைக்கவில்லை. சொல்லக் கற்றுக்கொண்ட பெண்களைவிடக் கேட்கக் கற்றுக்கொண்ட ஆண்கள் குறைவாக இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். அதனால் இந்த உரையில் பாதிக்கு மேல் ஆண்களுக்கானது.

எப்படிப் பேசுவது?

முதலில், கட்டிலுக்கு வெளியே பேசுங்கள். ஒரே அறையில் பிள்ளைகளும் மாமியாரும் படுத்திருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். ராத்திரியில் மூச்சு விடக்கூட யோசிக்க வேண்டும். பகலில் தோட்டத்துக்குப் போகும் வழியில், வண்டியில் போகும்போது, புளி உடைக்க உட்காரும்போது பேசலாம். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று போய் மாதம் ஒரு முறையோ பண்டிகைக்கோ வருகிற கணவன்மார்களே, ஊருக்கு வருமுன் போனில் பேசுங்கள். "எப்படி இருக்கிற? உடம்பு எப்படி? எனக்கு உன் நெனப்பாவே இருக்கு, உனக்கு எப்படி?" பஸ்ஸை விட்டு இறங்கியதும் உடம்பை மட்டும் தேடினால், ஒரு மாதம் தனியாகக் குடும்பத்தைச் சுமந்தவளுக்கு அது இன்னொரு வேலையாகத்தான் தெரியும். கருத்தடையைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். நிரோத் ஆணுறை 1968-இலிருந்து இந்த நாட்டில் கிடைக்கிறது. ஆனாலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சுமையை நம் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட முழுவதும் பெண்களே வயிற்றில் கத்தி வைத்துச் சுமக்கிறார்கள்.

அடுத்து, கூடும் நேரத்தில் சின்னச் சின்னச் சொற்கள் போதும். "வரட்டுமா?" "இப்படிப் பிடிக்குதா?" "வலிக்குதா, நிறுத்திக்கட்டுமா?" இவை ஆண் கேட்க வேண்டியவை. "மெதுவாங்க", "இங்க", "இது நல்லா இருக்கு", "போதும்" இவை பெண் சொல்லக்கூடியவை. மாற்றியும் சொல்லலாம், ஆணுக்கும் வலி உண்டு, ஆசை உண்டு, அசதி உண்டு. தொடக்கத்தில் சரி என்றவர் பாதியில் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். உடம்பு ஈரமானதையோ விறைத்ததையோ பார்த்து மனமும் விரும்புகிறது என்று முடிவு செய்யாதீர்கள். உடம்பு தானாக எதிர்வினை செய்யும், மனம் அப்போது அழுதுகொண்டும் இருக்கலாம். பெண்களில் மிகப் பலர் நுழைவினால் மட்டும் உச்சம் அடைவதில்லை என்பது மருத்துவம் நன்கு அறிந்த செய்தி. எங்கே தொட வேண்டும், எவ்வளவு நேரம் என்று அவள் சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட சிகிச்சை முறை இதையேதான் அடித்தளமாகக் கொண்டது. சிக்கலோடு வந்த தம்பதிகளிடம் முதலில் கூடலை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஒருவர் தொட, மற்றவர் எது இதமாக இருக்கிறது என்று காட்ட வேண்டும், பிறகு முறை மாற்ற வேண்டும். சாதிக்க வேண்டியது எதுவும் இல்லை என்றதும் பயம் போயிற்று, உடம்பு தானாக வழிக்கு வந்தது. இன்றைக்கும் பாலியல் மருத்துவர்கள் இந்தப் பயிற்சியைக் கொடுக்கிறார்கள். லேகியம் எதுவும் தேவைப்படவில்லை.

சிலருக்குக் கொஞ்சல் பேச்சு பிடிக்கும், சிலருக்கு அமைதி பிடிக்கும். சிலர் அந்த நேரத்தில் துணிச்சலான சொற்களை ரசிப்பார்கள், சிலரை அதே சொற்கள் கூசவைக்கும். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செல்போனில் பார்த்த படத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டு மனைவிமேல் சோதிக்காதீர்கள். அது காசுக்காக நடித்த காட்சி.

இங்கே ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். மனைவி ஒரு நாள் துணிந்து "எனக்கு இப்படி இருந்தா பிடிக்கும்" என்று சொன்னால், "இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வி அவள் வாயை ஆயுசுக்கும் அடைத்துவிடும். தன் உடம்பில் எது இதம் என்று தெரிய அவளுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது அவள் உடம்பு. வேண்டாம் என்று அவள் சொன்னால் காரணம் கேட்டு விசாரணை வைக்காதீர்கள். மறுநாள் முகத்தைத் தூக்கி வைப்பதும், செலவுக்குப் பணம் தராமல் இருப்பதும், பிள்ளைகள்மேல் எரிந்து விழுவதும் அவளை அடுத்த முறை பயத்தில் தலையாட்ட வைக்கும். பயந்து சொன்ன சரி, சரி ஆகாது.

இது கணவன் மனைவிக்கு மட்டும் உரிய பாடமும் அல்ல. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், ஒரே பாலினத்து இணையர் தம் விருப்பத்தால் சேர்வது குற்றமல்ல. அவர்களுக்கும் இதே கேள்விகள், இதே மரியாதை.

பேச்சால் தீராதவையும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. நம் மாவட்டத்தின் பெயர் குழந்தைத் திருமணச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்ணைத் தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கட்டிவைத்துவிட்டு, மனம்விட்டுப் பேசுங்கள் என்று சொல்வது கொடுமை. அவளுக்கு அங்கே மறுக்கும் பலம் ஏது? 2017 அக்டோபர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 18 வயது நிறையாத மனைவியோடு உறவு கொள்வது பாலியல் வன்கொடுமையே என்று தீர்ப்பளித்துவிட்டது. அத்தகைய கல்யாணம் நடக்கப்போவது தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். அடித்து வற்புறுத்துகிற கணவனிடம் இதமாகப் பேசிப் பார் என்று எந்தப் பெண்ணுக்கும் புத்தி சொல்லாதீர்கள். 181-ஐ அழைக்கலாம், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

சொன்னால் மானம் போய்விடும் என்கிறவர்களுக்கு, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை நினைவுபடுத்துகிறேன். 1992 ஜூனில் அரசு ஊழியர்களால் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள் நடந்ததைச் சொன்னார்கள். இதே தருமபுரி நீதிமன்றம் 2011-இல் குற்றவாளிகளைத் தண்டித்தது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அது அரசின் அதிகாரம் நிகழ்த்திய கொடூரம், நாம் பேசும் இல்லற வாழ்வோடு அதை ஒப்பிடவில்லை. உடம்புக்கு நேர்ந்ததைச் சொல்கிற பெண்ணுக்கு வெட்கம் இல்லை, வெட்கம் செய்தவனுக்குத்தான் என்பதை இந்த மாவட்டத்துப் பெண்களே நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மண்ணில் ஒரு மனைவி "வலிக்குது" என்று சொல்ல ஏன் கூச வேண்டும்?

இன்று இங்கிருந்து போகும்போது மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டு போங்கள். செவிலியர்களே, புதுமணப் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது, "கூடும்போது வலி இருக்கா கண்ணு?" என்று நீங்களாகவே கேளுங்கள். முதலில் கேட்கிற ஆள் கிடைத்தால் பெண்கள் பேசுவார்கள். பெற்றவர்களே, கல்யாணத்துக்கு முன் மகளுக்குப் பொறுத்துப் போ என்று சொல்லி அனுப்புகிறீர்கள். மகனைக் கூப்பிட்டு, அவள் வேண்டாம் என்றால் தொடாதே, கேட்டுக் கேட்டு நடந்துகொள் என்று சொல்லி அனுப்புங்கள். அந்த அறிவுரை இதுவரை நம் வீடுகளில் சொல்லப்படவே இல்லை. கல்யாணமானவர்களே, இந்த வாரம் உங்கள் துணையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ரெண்டு பேரும் சேரும்போது உனக்கு எப்படி இருக்கு?" வரும் பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருக்கலாம். குறுக்கே பேசாமல், கோபப்படாமல் முழுவதும் கேளுங்கள். பல வருஷம் சொல்லாமல் இருந்ததைச் சொல்கிறவருக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் மரியாதை அது. அந்தப் பதிலுக்குத் தகுந்தபடி மறுநாள் நடந்துகாட்டுவது இரண்டாவது மரியாதை.